இரண்டாம் மூடியும் நான்காம் மூடியும்

திருத்தம் சார் தன் மண வாழ்க்கையின் மிக நேர்த்தியான பொய்யை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சொன்னார். எழுவாய், பயனிலை, ஒற்று எல்லாம் அதனதன் இடத்தில் இருந்த பொய்.

துணி உலர்த்த வந்த மனைவி, கார் ஷெட்டுக்குள் தலையை நீட்டி, "சுத்துதா?" என்று கேட்டாள்.

"பம்பரமா சுத்துது," என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். உண்மையில் அந்த ஷெட்டில் சுற்றிக்கொண்டிருந்தது அவருடைய தலை ஒன்றுதான்.

மேசை மேல் எஞ்சின் தலைகீழாகக் கிடந்தது. அதன் நடுவே கை நீளத்துக்குக் கிராங்க் ஷாஃப்ட். எஞ்சினுக்குள் எது நடந்தாலும், கடைசியில் இந்தத் தண்டு சுழன்றால்தான் சக்கரம் உருளும். ஐந்து இடங்களில் இரும்பு மூடிகள் அதை அணைத்துப் பிடித்திருந்தன. மூடிகளின் போல்ட்டுகளை முழுக்க முறுக்கிய பிறகும், கையால் தள்ளினால் தண்டு சுழல வேண்டும் என்று எஞ்சின் பூட்டும் முறை சொல்லும் புத்தகம் சொன்னது. அவர் கையால் தள்ளினார். பிறகு தோள் கொடுத்துத் தள்ளினார். கடைசியில் மூன்றடிக் குழாயை மாட்டித் தொங்கியே பார்த்துவிட்டார். தண்டு, அவர் மாமனாரின் முகம் மாதிரி, இறுகிப்போய் இருந்தது.

கார் அந்த மாமனாருடையதுதான். திருத்தம் சாரைவிட எட்டு வயது மூத்த கறுப்புக் கார். சாகும் முன் மகள் பேருக்கு எழுதி வைத்திருந்தார். பதினான்கு வருடமாக ஓடாமல் ஷெட்டில் நின்ற அதன் மேல் மைத்துனருக்கு ஒரு கண். போன மாதம் வந்தபோது, தனக்குத் தெரிந்த ஆளை வைத்து ஒரே வாரத்தில் ஓட வைத்துவிடலாம் என்றும், ஓடினதும் நிறுத்த தன் வீட்டில் தாராளமாக இடம் இருக்கிறது என்றும் சொன்னார். திருத்தம் சாருக்குச் சுருக்கென்றது. ஓய்வு பெற்று ஐந்து மாதம் சும்மா உட்கார்ந்திருந்த மனுஷன். எஞ்சினைத் தானே பிரித்துத் தானே பூட்டப் போவதாக அந்த இடத்திலேயே அறிவித்துவிட்டார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு வந்து பாருங்கள், தண்டு சுழலும். சுழலாவிட்டால், வண்டியை நீங்களே கொண்டுபோங்கள்.

வண்டி மனைவியுடையது என்பது, மைத்துனர் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தையல் நிலையம் ஒன்றில் துணி வெட்டும் மாஸ்டர் அவள். கத்தரிக்கோலைக் கீழே வைக்கும் முன் பேசுகிற பழக்கம் கிடையாது.

அவரோ ஓர் அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் பிழை திருத்தியவர். பாடப் புத்தகம், அகராதி, பேருந்து நேர அட்டவணை, எது கையில் வந்தாலும் சிவப்புப் பேனா இல்லாமல் வெளியே போகாது. எழுத்தின் தலையில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால் இரண்டு அறை தள்ளி நின்றே சொல்லிவிடுவார் என்று அச்சகத்தில் பேச்சு. திருத்தம் சார் என்ற பேர் அப்படித்தான் வந்தது. சொந்தப் பேர் சம்பளப் பதிவேட்டோடு நின்றுபோனது.

அப்படிப்பட்டவர் செவ்வாய் முழுக்க எஞ்சினில் பிழை தேடினார். மூடிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தார். இரண்டாவதைத் தளர்த்தினால் தண்டு கொஞ்சம் நெகிழ்ந்தது. நான்காவதைத் தளர்த்தினாலும் கொஞ்சம் நெகிழ்ந்தது. ஒன்று, மூன்று, ஐந்தைத் தொட்டால் எந்த மாற்றமும் இல்லை. ஆகவே தண்டுக்கும் மூடிக்கும் நடுவே வைக்கப் புதிதாக வரவழைத்த பேரிங் தகடுகளில், அந்த இரண்டு இடத்துக்கும் வந்தவைதான் தடிப்பு என்று தீர்ப்பு எழுதினார். தீர்ப்பு எழுதிய கையோடு தகடு அனுப்பிய கம்பெனிக்கு நான்கு பக்கப் புகார்க் கடிதமும் எழுதினார்.

புதன்கிழமை, மனைவி வேலைக்குப் போனதும், தண்டையும் தகடுகளையும் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றி லேத் பட்டறைக்குத் தூக்கிப்போனார். லேத்காரர் அதை உருட்டி, அளந்து, தகடுகளையும் அளந்து, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். வளைவு இல்லை, தடிப்பும் இல்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மூடியெல்லாம் கழற்றினது யாரு சார்?"

"நான்தான்."

"மாட்டினது?"

"நான்தான்."

"அப்போ உங்ககிட்டயே கேட்டுப் பாருங்க."

திருத்தம் சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன்னிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பிழை செய்வது மற்றவர்கள், கண்டுபிடிப்பது அவர். முப்பத்தோரு வருட ஏற்பாடு அது. வீட்டுக்கு வந்து தண்டை மறுபடி வைத்து, அதே மூடிகளை அதே வரிசையில் வைத்து, புத்தகத்தில் சிவப்பு அடிக்கோடிட்ட அளவுக்கு முறுக்கினார். தண்டு அசையவில்லை. மனைவி வந்ததும் பம்பரம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். நின்றபாடில்லை என்றார்.

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. இவர் புகார்க் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பக் கிளம்பினார். தபால் நிலையத்தில் வரிசை நீளம். திரும்பி வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் ஷெட்டுக்குள் போய், ஒரு விரலைத் தண்டின் மேல் வைத்தார்.

தண்டு சுழன்றது.

எடுத்த விரலைத் திரும்ப வைத்தார். மறுபடி சுழன்றது, தொட்டில் மாதிரி, சத்தமே இல்லாமல். ஐந்து மூடிகளும் இறுக்கமாகத்தான் இருந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். மூடிகளின் ஓரத்தில் கிரீஸ் துடைக்கப்பட்டிருந்தது. அங்கே சின்னச் சின்னக் குத்துப் புள்ளிகள். முதல் மூடியில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. எந்த மூடி எந்த இடம் என்று செய்தவன் அடித்து வைத்த அடையாளம். இரண்டாவதும் நான்காவதும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். அவர் இதை அங்கேயும் அதை இங்கேயும் வைத்து இறுக்கியிருக்கிறார். எழுத்தின் தலையில் இருந்த புள்ளியையெல்லாம் பிடித்தவர், இரும்பின் இடுப்பில் இருந்த புள்ளியைக் கோட்டைவிட்டுவிட்டார்.

ஒரு போல்ட்டின் தலையில் நீல நூல் ஒன்று ஒட்டியிருந்தது.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் தபால் நிலைய வரிசையில் நின்றார். திருத்தம் சார் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெட்டிய சட்டைக் கைகளில் இடது எது, வலது எது என்று தொட்டே சொல்கிறவளுக்கு இது பெரிய காரியமில்லை. ஆனால் சுற்றவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தும் ஏன் கேட்கவில்லை? திருத்தியவள் ஏன் சொல்லவில்லை?

அப்போது ஒரு பழைய கடிதம் நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில், அம்மா வீட்டுக்குப் போயிருந்தவள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அவர் படித்து மகிழ்ந்து, பழக்க தோஷத்தில் மூன்று ஒற்றுப் பிழைகளைச் சிவப்பால் சுழித்து, பதிலோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். விளையாட்டாகத்தான். அதற்குப் பிறகு அவள் அவருக்குக் கடிதமே எழுதியதில்லை. இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் அது ஏன் என்று யோசிக்கத் தோன்றியது. அவர் கை பட்ட தாளில் சிவப்பு மை நிற்கும். அவள் கை பட்ட எஞ்சினில் ஒரு நூல்தான் நின்றது. அதுவும் தெரியாமல் விழுந்தது.

நன்றி சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தார். வாசல்வரை போனவர் நின்றுவிட்டார். நன்றி சொல்ல வேண்டுமானால், தண்டு சுற்றவில்லை என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அது செவ்வாயிலிருந்து பம்பரம். திரும்பி வந்து உட்கார்ந்து, கம்பெனிக்கு இன்னொரு கடிதம் எழுதினார். புகாரைத் திரும்பப் பெறுவது பற்றி. இது அரைப் பக்கம்தான் வந்தது.

இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் தூண்டில் போட்டுப் பார்த்தார். சில பிழைகள் தானாகவே சரியாகிவிடுவது உண்டு என்றார். உண்டு என்றாள். ஷெட்டில் யாரோ கிரீஸ் துடைத்த மாதிரி இருக்கிறது என்றார். நல்லதுதானே என்றாள். நீல நூலில் என்ன தைக்கிறாய் என்று கேட்டார். பள்ளிச் சீருடை என்று சொல்லி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

ஞாயிறன்று மைத்துனர் வந்தார். ஷெட்டுக்குள் போய்த் தண்டைச் சுற்றினார், நிறுத்தினார், எதிர்ப்பக்கம் சுற்றினார். அவர் முகம் வாடியதைப் பார்க்கத் திருத்தம் சாருக்கு இனிக்கத்தான் வேண்டும். இனிக்கவில்லை.

"மாப்பிள்ளை, உங்க கையில வித்தை இருக்கு," என்றார் மைத்துனர். "நான் நெனைக்கல."

பக்கத்தில் மனைவி தேநீர்த் தட்டோடு நின்றாள். இவர் வாயைத் திறந்தார். இப்போதாவது சொல்லிவிடலாம், இது நான் செய்ததில்லை என்று. "பொறுமைதான் காரணம் மச்சான்," என்றது வாய். தேநீர் சூடாக இருந்தது, நாக்கு வெந்தது. வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

வண்டி வீட்டோடு நின்றது. அண்ணனை வழியனுப்பிவிட்டு அவள் ஒரு நிமிடம் ஷெட்டுக்குள் வந்து காரின் கதவைத் தடவிவிட்டுப் போனாள். அந்த ஒரு நிமிடம் அவரை அறுத்தது. வாயால் முடியாததை உபாயத்தால் முடிப்பது என்று தீர்மானித்தார். திட்டம் எளிது. இரண்டாம் மூடியையும் நான்காம் மூடியையும் பழையபடி மாற்றிப் போட்டுவிடுவது. அவள் வந்து திருத்துவாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் அப்புறம் மறைக்க எதுவுமில்லை. பிடித்த கையை விடாமலே நன்றியையும் சொல்லிவிடலாம். பிடிபட்டது அவள், மன்னிப்புக் கேட்பது இவர் என்று விஷயம் கௌரவமாக முடியும்.

அடுத்த வியாழன் அவளுக்கு மறுபடி விடுமுறை. காலையில் மூடிகளை மாற்றி, கவனமாக முறுக்கி, தண்டு இறுகிவிட்டதை உறுதி செய்துகொண்டார். தபால் நிலையம் போய்வருகிறேன் என்று உரக்கச் சொல்லி வாசலில் இறங்கி, பின்பக்கமாகச் சுற்றி வந்து, காரின் பின் இருக்கையில் சுருண்டு படுத்துக்கொண்டார். பதினான்கு வருடத் தூசி. தும்மலை மூன்று முறை விழுங்கினார். என்ன சொல்வது என்று வாக்கியம் அமைத்துப் பார்த்தார். 'உன்னால்தான்' என்று தொடங்குவதா, 'என்னால்தான்' என்று தொடங்குவதா? இரண்டுமே பொருந்தின.

கொஞ்ச நேரத்தில் காலடிச் சத்தம் கேட்டது. வந்தவள் வாசலில் நின்றாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம். பிறகு உள்ளே வந்தாள். மேசைப் பக்கம் மெல்லிய உரசல். தண்டின் மேல் விரல் வைத்திருப்பாள். அசையாது. இப்போது குனிவாள், புள்ளிகளைப் பார்ப்பாள், ஸ்பேனரை எடுப்பாள். எடுத்ததும் எழுந்துவிட வேண்டும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

ஸ்பேனர் சத்தம் வரவில்லை. காலடி காரை நோக்கி வந்தது. கதவு திறந்தது.

அவள் கையில் அவருடைய செருப்பு இருந்தது. எங்கே போனாலும் வாசலில் கழற்றி விடுகிற பழக்கம். ஒளிந்துகொள்ள வந்தபோதும் அப்படியே கழற்றி, ஜோடி சேர்த்து, ஷெட் வாசலில் விட்டிருக்கிறார்.

செருப்பைக் கீழே வைத்தாள். ஸ்பேனரை எடுத்து அவர் மார்பு மேல் வைத்தாள்.

"போன வாரம் தெரியாம மாத்திப் போட்டீங்க, நான் சரி பண்ணினேன்," என்றாள். "இது தெரிஞ்சே போட்டது. நீங்களே சரி பண்ணிட்டு சாப்பிட வாங்க."