ஃப்ரிட்ஜில் ஒட்டிய காப்புரிமை

"காற்று இடப்பெயர்ச்சிச் சாதனம்னா என்ன, கிளென்?" என்று கணவனின் காப்புரிமைத் தாளைப் பார்த்தபடி கேட்டாள் டோரீன்.

"தெரியலையே" என்றான் அவன்.

அதைக் கண்டுபிடித்தவனே அவன்தான். சான் ஹோசேயில் அவர்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில், கிளென் ஹாஸ்கெல் வாங்கிய காப்புரிமைகளின் முதல் பக்கங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் மின்னின. இரண்டாம் பக்கத்தை அவன் எதிலும் புரட்டியதில்லை. வக்கீல் எழுதுவார், இவன் கையெழுத்துப் போடுவான். அடுத்தவர் காப்புரிமையைப் படித்தால் தெரிந்தே காப்பியடித்ததாகிவிடும், படிக்கவே கூடாது என்று கம்பெனி மிரட்டி வைத்திருந்தது. கிளென் முன்ஜாக்கிரதையாகத் தன்னுடையதையும் படிக்காமல் இருந்துவிட்டான்.

இப்போது தலைக்கு மேல் கத்தி. தங்கள் கண்டுபிடிப்பைக் கிளெனின் கம்பெனி காப்பியடித்துவிட்டது என்று போட்டிக் கம்பெனி வழக்குப் போட்டிருந்தது. மறுநாள் அவர்கள் வக்கீல் முன்னால் கிளென் சத்தியம் செய்து, தன் கண்டுபிடிப்பு வேறு, அவர்களுடையது வேறு என்று விளக்க வேண்டும். சொதப்பினால் வழக்கும் போகும், வேலையும் போகும்.

கூட்டுக் கண்டுபிடிப்பாளன் ட்வெய்னுக்கு போன் போட்டான்.

"நானா? அன்னிக்கு நீ பரிட்டோ தின்னுக்கிட்டே ஏதோ சொன்னே. நான் தலையை ஆட்டினேன். என் பேரையும் சேர்த்துட்டே!"

அடுத்து கம்பெனி வக்கீல் மார்ஷா.

"எழுதினது நீங்கதானே மேடம், அர்த்தத்தைச் சொல்லிடுங்க."

"நீங்க சொன்னதைத்தான் எழுதினேன் கிளென். புரிஞ்சு எழுதினேன்னு எப்பவாவது சொன்னேனா? உங்களோடது, போட்டிக் கம்பெனியோடது ரெண்டையும் அனுப்பறேன். கடைசிப் பக்கத்தை மட்டும் பாருங்க, வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும்."

தெரியவில்லை. இரண்டும் ஒரே ஆள் இரண்டு முறை ஜன்னியில் பிதற்றியது போலிருந்தன. டோரீன் கடைசிப் பக்கங்களை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினாள்.

"இதுல எது உன்னோடது?"

"இடது பக்கம்."

"இடது பக்கத்தை உருப்போடு. இதைத் தவிர வேற வழியில்லை."

அவள் முட்டை எடுக்கக் கதவைத் திறந்தாள். இரண்டு தாளும் விழுந்தன. கைக்கு வந்தபடி எடுத்து மறுபடி ஒட்டினாள். கிளென் இடது பக்கத்தின் முன்னால் நின்று தலையை ஆட்டி ஆட்டிப் படித்தான். சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று கத்தினான்.

"டோரீன்! காற்று இடப்பெயர்ச்சிச் சாதனம்னா ஃபேன்! நாம பேசினா மைக் அதைக் கேட்டு, லேப்டாப் ஃபேனோட இரைச்சலை அடக்குது! எவ்ளோ பெரிய மண்டைடி எனக்கு!"

"எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் டோரீன். அவள் சொன்னது மண்டையின் அளவை.

மறுநாள் வக்கீல் அலுவலகத்தில் கிளென் வெளுத்து வாங்கினான். வீட்டிலிருந்து கொண்டுவந்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான், வாயால் ஃபேன் மாதிரி இரைந்து காட்டினான். "இதுல ஒவ்வொரு வார்த்தையும் என் மண்டையில உதிச்சது! எங்க கம்பெனி லேப்டாப்புல ஓடறதும் அப்படியே இதுதான்!" என்று முழங்கினான். தன்னைப் பற்றி அவனுக்கு இவ்வளவு பெருமையாக என்றுமே இருந்ததில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, "பிரமாதம், மேல சொல்லுங்க" என்றார். மேஜைக்கடியில் மார்ஷா அவன் முழங்காலில் உதைத்தாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்துக் குரலை உயர்த்தினான் கிளென்.

பேசி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சாட்சியத்தை மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்மணி தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினார்.

"பதிவுக்காகக் கேக்கறேன் சார். உங்க கையில இருக்கிற தாள்ல அவங்க காப்புரிமை எண்தான் இருக்கு. உங்களோடதை எப்ப சார் விளக்குவீங்க?"