மாமாமார் மட்டும் மிஞ்சிய கம்பியூட்டர்

"குணம் அண்ணன், நம்மட சங்கத்தில முகம்மது தம்பி எண்டு எத்தின பேர் இரிக்காங்க?"

"கல்முனையில கல்லெறிஞ்சா ஒரு முகம்மது தம்பிக்குத்தானே படும். ஏன் கேக்கிற?"

"புதுக் கம்பியூட்டர்ல ஒராள்தான் மிச்சம்."

ஜவுபர் விவசாயிகள் சங்கத்தின் தற்காலிகக் கம்பியூட்டர்காரன். பழைய கம்பியூட்டரில் பொக்ஸ்புரோ என்ற மென்பொருளில் கிடந்த உறுப்பினர் விவரங்களைப் புதியதில் உள்ள அக்சஸ் மென்பொருளுக்கு மாற்றித் தந்தால் வேலை நிரந்தரம் என்று தலைவர் மீராசா சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு தலைவர் தெரிவு. புதிய கம்பியூட்டரில் பேர் இருப்பவருக்கே வாக்கு.

ஒரே ஆள் இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்கு என்று கொழும்புப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கொழும்பார் சொன்னால் வேதம் அல்லவா? பேரைப் பார்த்து நீக்கினான். பாதி ஊர் காணாமல் போனது.

"பேரை விடு தம்பி, வீட்டு விலாசத்தைப் பாரு" என்றார் தலைமை எழுதுவினைஞர் குணம்.

ஒரு விலாசத்துக்கு ஒராள் என்று வைத்து மறுபடி ஏற்றினான். முகம்மது தம்பிகள் திரும்பி வந்தார்கள். அந்தச் சந்தோசத்தில், பழைய பிரதி இருந்த டிஸ்கெட்டின் மேலேயே புதியதைப் பதிந்துவிட்டுப் பிளேன்டீ குடித்தான். பிறகு, தானும் ஓர் உறுப்பினன் என்பதால், ஆசையாகத் தன் பேரைத் தேடினான். இல்லை. மாமனார் இருந்தார்.

கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருக்கும் ஊர் இது. ஒரு வீட்டில் முதலில் சேர்ந்த மாமனாரை வைத்துக்கொண்டு, மருமகன்மார் அத்தனை பேரையும் கம்பியூட்டர் துடைத்திருந்தது. ஊரே தலையில் வைத்துக் கொண்டாடும் மாப்பிள்ளைமாருக்கு ஒரு பெட்டி கொடுத்த மரியாதை!

"அண்ணன், பழைய கம்பியூட்டர் எங்க?"

"புதுசுக்குப் பதிலாக் கடைக்காரன் கொண்டு போயிட்டான். உள்ளுக்க இரிந்ததெல்லாம் அழிச்சாச்சாம்."

இந்த வேலையைக் காட்டித்தான் ஜவுபருக்குப் பெண் கொடுத்திருந்தார்கள். வேலை போனால் மாமியின் முகத்தில் எப்படி விழிப்பது?

நேரே மீராசாவின் அறைக்குள் போனான்.

"சேர், பெரிய பிழை நடந்திட்டு. மருமகன்மார் ஒருத்தரும் இல்ல, மாமாமார் மட்டும்தான் மிச்சம். ஒரு கிழமை தாங்க, வீடு வீடாப் போய் எழுதித் திருத்திடுறன்."

மீராசா கண்ணாடியைக் கழற்றினார். குணத்தைக் கூப்பிட்டார்.

"தம்பிக்கு நிரந்தர நியமனம் இண்டைக்கே அடிங்க."

ஜவுபர் வாயைப் பிளந்தான்.

"மாமாமார் எல்லாம் என்ட ஆக்கள், மருமகன்மார்தான் இந்தமுறை எனக்கெதிராக் கட்சி கட்டினவனுகள். வெள்ளிக்கிழமை முடியிற வரைக்கும் அந்தக் கம்பியூட்டர்ல ஒருத்தரும் கை வெக்கப்படா!"