மாடியில் ஒரு எண்ணெய்க் கிணறு

பதற்றம் வந்தால் என் மூளை வேலை செய்யாது. கை மட்டும் தன்னிஷ்டத்துக்கு வேலை செய்யும். நான் பட்ட அவமானங்களில் முக்கால்வாசிக்கு என் கைதான் பொறுப்பு.

கார்த்திக்கைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று ஸ்ரீரங்கத்தில் என் வீட்டாரிடம் அழுது, பட்டினி கிடந்து (பக்கத்துத் தெருவில் பஜ்ஜி தின்றது தனிக்கதை) சம்மதம் வாங்கியாகிவிட்டது. பாக்கி இருந்தது அவன் அப்பா. அவர் வளைகுடாவில், நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கே.கே. நகர் வீட்டு மாடியறையை அந்த வேலைக்கென்றே ஒரு மியூசியமாக்கி வைத்திருந்தார். திருச்சியில் இருப்பவர்கள் கடலைப் பார்க்க பஸ் பிடித்துப் போகவேண்டும். இவர் வீட்டில் மாடிப்படி ஏறினால் போதும்.

கார்த்திக்கும் ரிக்கில்தான் வேலை பார்த்தான். வருகிற மருமகள் அந்த வேலையை விட்டுவிடச் சொல்லி மூக்கைச் சிந்தக்கூடாது என்பது அவர் கவலை. அதனால் மியூசியம்தான் பரீட்சை ஹால். ஏற்கெனவே அவனுக்குப் பார்த்த ஒரு பெண் அங்கே கொட்டாவி விட்டு, பேச்சு அத்தோடு நின்றுபோயிருந்தது.

"என்ன வேணா பண்ணு, கொட்டாவி மட்டும் விட்டுடாத" என்று கார்த்திக் வாசலிலேயே கும்பிடாத குறையாகச் சொன்னான்.

எனவே கொட்டாவியை அடக்குவதிலேயே என் முழுத் திறமையையும் செலுத்தினேன். தெர்மாகோல் ரிக்கைக் காட்டி, அதன் கால்கள் கடலடியில் எப்படி ஊன்றும், குழாய் எப்படி இறங்கும் என்று அவர் விளக்கினார். நான் "ஓ" என்றும் "அப்படிங்களா அங்கிள்" என்றும் மாற்றி மாற்றிச் சொன்னேன். ஒரு வார்த்தைகூட மண்டையில் ஏறவில்லை.

அடுத்து ஒரு பித்தளைக் கிண்ணத்தை எடுத்தார். கிணறு தோண்டும்போது குழாய் சூடாகாமலிருக்க ஒரு களிமண் குழம்பை உள்ளே விடுவார்களாம். (இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது.) அதன் வழவழப்பைத் தொட்டுப் பார்க்கட்டும் என்று சின்ன ஸ்பூனில் எடுத்து, "கையை நீட்டும்மா" என்றார்.

பெருமாளைச் சேவித்தே வளர்ந்த கை அது. ஒரு பெரியவர் கிண்ணமும் ஸ்பூனுமாக எதிரே நின்று நீட்டச் சொன்னால் அதற்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். துப்பட்டா முனையை மடித்து இடது கையில் வைத்து, அதன்மேல் வலது கையைக் குழித்து, பவ்யமாகக் குனிந்து வாங்கி, ஒரே உறிஞ்சாக உறிஞ்சினேன். மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டேன். (எச்சில் கையைத் தலையில் தடவாதேடி என்று அம்மா திட்டுவாள். என் கை அவள் பேச்சையும் கேட்டதில்லை.)

அத்தோடாவது விட்டிருக்கலாம். கோயிலில் தீர்த்தம் முடிந்தால் சேவார்த்திகள் தலையில் கிரீடம் போன்ற சடாரியை வைத்து எடுப்பார்கள். வாயைப் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்து, அதற்காகக் காத்து நின்றேன்.

அப்போதுதான் நாக்கு விழித்துக்கொண்டது. குயவர் வீட்டு மண் தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. கார்த்திக் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். அழலாமென்றால் வாய் நிறையச் சேறு.

அவன் அப்பா மேஜையிலிருந்த மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்து, கோயில் பட்டர் செய்வதைப் போலவே என் தலையில் மெதுவாக வைத்து எடுத்தார்.

"எத்தனையோ பேர் கையில ஊத்தியிருக்கேன்ம்மா. இவ்வளவு மரியாதையா யாரும் வாங்கிக்கிட்டதில்ல" என்றார். பிறகு மகனிடம் திரும்பி, "சிரிச்சது போதும், தண்ணி கொண்டா" என்றார்.

நிஜமாகவே மரியாதை என்று நம்பினாரா, இல்லை என் மானத்தைக் காப்பாற்றினாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அந்த நிமிஷமே அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கல்யாணம் நடந்தது. கார்த்திக் கடலில் இருக்கும் மாதங்களில் மியூசியத்துக்கு வருகிறவர்களுக்கு நானே விளக்கம் சொல்கிறேன். என் பிறந்த வீட்டு மனிதர்கள் யார் வந்தாலும், மாமனார் முதலில் அந்தக் கிண்ணத்தருகேதான் அழைத்துப்போவார். அதன்மேல் அவரே எழுதி ஒட்டிய அட்டை இருக்கிறது: "தொட்டுப் பார்க்க மட்டும். சேவார்த்திகள் மன்னிக்கவும்."