குறுப்பு தொடாத வாத்துக்கறி

கைனகரி,
கர்க்கடக வாவு அமாவாசைக்கு மறுநாள்.

பெருமதிப்பிற்குரிய சரசம்ம சேச்சிக்குத் தம்பி சுகதன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் வத்சலாவும் மழையும் நலம். நாக்பூரில் அத்தானின் முழங்காலும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

நேற்று நம் அச்சனுக்கும் அம்மைக்கும் வெள்ளங்குடிப் படையல் வைத்தோம். ஆனால் வழக்கம்போல் நடக்கவில்லை. அரசுப் படகில் நான் சுக்கான் பிடித்த முப்பது வருடமும் எஞ்சின் பார்த்த குரியாச்சனும், டிக்கெட் கிழித்த சேகரக் குறுப்பும் இப்போது காலையில் என்னோடு நடக்க வருகிறார்கள். போன வாரம் டீக்கடையில் குரியாச்சன் சும்மா இருக்காமல், "ஏடா சுகதா, எங்களுக்கு மாதா பள்ளியும் பெருநாளும் இருக்கு. குறுப்புக்குப் பாம்புக்காவும் பூஜையும் இருக்கு. உங்க புலையருக்குன்னு தனியா என்னடா இருக்கு?" என்று கேட்டுவிட்டான். முப்பது வருடத்தில் அந்தச் சாதிச் சொல்லை எங்களில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. டீக்கடைக்காரன் பால் ஆற்றுவதை நிறுத்திவிட்டான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை; அட, என்னதான் இருக்கிறது என்று எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாகிவிட்டது. "வாவுக்கு வீட்டுக்கு வாங்க, காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன்.

இருவரும் வந்துவிட்டார்கள் சேச்சி! உள்ளறையில் வாத்துக்கறி, சுட்ட வரால், அடை, கள்ளு எல்லாம் இலையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். குரியாச்சன் கேள்விமேல் கேள்வி. "உங்க அச்சன் கடைசி வருஷம் குடிய நிறுத்திட்டாரே, கள்ளு எதுக்கு?" வத்சலா, "இனிமே அவர எந்த டாக்டர் திட்டப்போறார்?" என்றாள். குரியாச்சன் கதவில் காதை வைத்துப் பார்த்து, "சத்தமே இல்லையே" என்றான். மூன்று தட்டு தட்டித்தான் திறக்க வேண்டும் என்றதற்கு, "உங்க வீட்டுக் கதவுதானே, எதுக்குத் தட்டணும்?" என்றான். "சாப்பிடறவங்க நடுவுல திடுதிப்புன்னு நுழைவியாடா நீ?" என்றேன். அது எங்கிருந்து என் வாயில் வந்ததென்று தெரியவில்லை, ஆனால் சொன்னதும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. திறந்து பார்த்தால் கள்ளு இரண்டு விரல் இறங்கியிருந்தது. குரியாச்சன் சிலுவை போட்டுக்கொண்டான்.

அதுவரை நல்லாத்தான் போச்சு. படைத்ததை எல்லோருக்கும் பரிமாறினோம். குரியாச்சன் வாத்தின் காலைக் கடித்துக்கொண்டிருக்க, குறுப்பு இலையை மெல்லத் தள்ளி, "வாவு நாளாச்சே சுகதா, நான் இன்னிக்குக் கவிச்சி தொடமாட்டேன்" என்றான். நியாயம்தான். அவனுக்கும் காலையில் முன்னோருக்குப் பலியிடுவது இருந்தது, அது எனக்குத் தோன்றவேயில்லை. ஆனால் படகில் நாங்கள் சோற்றுப்பொதி பிரிக்கும்போதெல்லாம் இவன் முப்பது வருடம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தானே, தினமுமா வாவு? விரதமா, சாதியா? நீயே சொல்லு சேச்சி. எனக்கு ராவெல்லாம் பொருமல். இனி அவனோடு நடக்கப்போவதில்லை, டீயும் குடிக்கப்போவதில்லை. முடிவு முடிவுதான்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வாழ நம் அச்சனும் அம்மையும், வயிறு நிறைந்த சூட்டோடு, ஆசீர்வதிக்கட்டும்.

இப்படிக்கு,
தம்பி சுகதன்

பி.கு: உறையை ஒட்டும்போது குறுப்பு குடையோடு வந்து நிற்கிறான். "விரதம் முடிஞ்சுது. வாத்து மிச்சமிருக்கா?" இல்லை, ஆத்திரத்தில் எல்லாவற்றையும் குரியாச்சனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டேன். அடுப்படியில் உட்கார்ந்து கஞ்சியும் காந்தாரி மிளகாயும் சாப்பிட்டான். "முப்பது வருஷத்துல நீ ஒருதடவகூட என்னைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லையேடா" என்கிறான். யோசித்துப் பார்த்தால், உண்மை. வரமாட்டானோ என்ற பயத்திலேயே நான் கூப்பிடவில்லை. அதையும் சொல்லி, "நீ என்னைக் கூப்பிட்டியா?" என்று கேட்டேன். வெறும் கிண்ணத்தைக் கரண்டியால் கலக்கினான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறான். முன்வாசல் வழியாகத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். எந்தச் சட்டை போடட்டும்? உடனே எழுது.