தலைப்பில்லாத அட்டவணையும் என் கரைவலையும்

மன்னார்,
2013 ஆவணி.

அன்புள்ள மருமகன் டிலுக்சனுக்கு மாமா எட்வேட் எழுதிக்கொள்வது. மடு மாதாவின் காவலில் நீ கொழும்பில் சுகமாக இருப்பாய். இங்கே உன் அம்மா, என் அக்கா றஞ்சிதமும் சுகம். நான் மட்டும் சுகமில்லை. காரணம், எங்கள் கரைவலைச் சங்கத்துக்கு நீ செய்து தந்த இணையப் பக்கம்.

போரில் ஷெல் விழுந்து கண் போன பிறகும், மீளக்குடியேறி வந்து சொந்த வலை வைத்திருக்கிற சம்மாட்டி நான். யார் எந்த நாளில் வலை போடுவது என்று வாரத்துக்கு வாரம் மாறுகிற முறை அட்டவணையை நீ ஏற்றியதும், இனி எவன் வாயையும் பார்க்க வேண்டாம், கணினி வாசித்துச் சொல்லும் என்று சந்தோசப்பட்டேன். அதுவும் வாசித்தது. "படம். எட்வேட். வெற்று. காலை. வெற்று." கிழமைகளின் பெயரை நீ வடிவான படமாக்கி ஒட்டிவிட்டாய், கணினிக்குப் படம் வெறும் படந்தான். நானே எண்ணிப் பார்த்தேன். ஞாயிறு பூசைக்குப் போகிற எங்களுக்கு வலை போடுகிற வாரம் திங்களில்தானே தொடங்கும்? வெற்று என்ற முதல் கட்டம் திங்கள், காலை என்ற அடுத்த கட்டம் செவ்வாய். நீயோ ஞாயிறில் தொடங்கியிருக்கிறாய். போன வாரம் செவ்வாய் காலை என் ஆட்களோடு போய், மற்றச் சம்மாட்டி மஹ்மூது போட்டிருந்த வலைக்கு மேலே என் வலையைப் போட்டேன்.

"எட்வேட் அண்ணே, உங்கட முறை நேற்றெல்லோ" என்றார் மஹ்மூது. இரண்டு வலையையும் பிரித்தெடுக்கப் பொழுதுபட்டுவிட்டது. அகப்பட்ட மீன் யாருடையது என்ற சண்டை இன்னும் முடியவில்லை. சங்கத் தலைவி பிரான்சிஸ்கா வீட்டுக்கே வந்து, "உங்கட முறையைக் கண் தெரிஞ்ச ஆரிட்டையாவது குடுங்கோ அண்ணை, பங்கு தருவம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவெடுப்பார்களாம். நான் கொடுக்க மாட்டேன். என் வலை, என் முறை.

உனக்குப் போன் எடுத்தால், "ஆரையாவது பாத்துச் சொல்லச் சொல்லுங்கோ மாமா" என்கிறாய். பார்த்துச் சொல்ல ஆள் தேடுவதென்றால் நான் ஏனடா கணினி படித்தேன்? அன்றிலிருந்து அந்தப் பக்கத்தை நான் திறக்கவேயில்லை. கிழமைகளை எழுத்தாக எழுது. மேல்வரியும் இடப்பக்கத்துப் பெயர்களும் தலைப்புகள் என்று கணினிக்கு விளங்கும்படி குறித்துவிடு. பிறகு எந்தக் கட்டத்துக்குப் போனாலும் ஆள், நாள், நேரம் மூன்றையும் அது சேர்த்துச் சொல்லும். செய்யாவிட்டால் உன் கலியாணத்துக்கு நான் வரமாட்டேன். தாய்மாமன் இல்லாமல் மாப்பிள்ளை எப்படிக் கோயில் படி ஏறுகிறார் என்று பார்ப்போம்.

மாதா உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா எட்வேட்

பி.கு: அனுப்ப முன்னர் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றையும் நீ திருத்தியிருக்கிறாய். இந்த வாரத்து என் முறையை, "எட்வேட், வியாழன், காலை" என்று கணினி கணீரென்று சொன்னது. மேலே திட்டியதெல்லாம் வாபஸ், கலியாணத்துக்கும் வருகிறேன். ஆனால் இன்று வியாழன், இப்போது மதியம். உன்னைத் திட்டுகிற உசாரில் என் முறையை விட்டுவிட்டேன். இது அட்டவணையின் பிழையல்ல, கண்ணின் பிழையுமல்ல; முழுக்க என் பிழை. கண் தெரிந்த சம்மாட்டிகளும் நித்திரைகொண்டு முறையைத் தவறவிட்டிருக்கிறார்கள். அவர்களிடமிருந்து அதை எவரும் பறிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழும்பி நின்று இதைத்தான் சொல்லப்போகிறேன்.