பந்து விழுமுன் சொன்ன மகான்

டென்னிஸ் அரங்கில் இடம் கிடைக்கவில்லை என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிடைத்த இடத்தை வேறு யாருக்கோ தள்ளிவிட்டு, எதிர்த் தெருவிலிருந்த வாடகை மண்டபத்துக்கு ஓடியவர்களை அந்த வாரம்தான் பார்த்தேன்.

நாடுகளுக்கிடையே நடக்கும் ஆண்கள் டென்னிஸ் கோப்பை அது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள். மொத்தம் ஐந்து ஆட்டம். அவற்றில் மூன்றை வென்ற அணி அடுத்த சுற்றுக்குப் போகும். வெளிநாட்டு அணி வந்து இறங்கிப் பயிற்சியும் செய்துகொண்டிருந்தது. நம் ஊரோ மகானைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

மண்டபத்தில் பெரிய திரை கட்டி, ஆட்டத்தை இணையம் வழியாக நேரடி ஒளிபரப்பு என்று காட்டினார்கள். திரைக்கு முதுகைக் காட்டியபடி, கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு, மெத்தை நாற்காலியில் மகான் அமர்ந்திருந்தார். காதை மூடும் அளவுக்குத் தலைப்பாகை. திரையில் ஆட்டக்காரர் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருப்பார். இன்னும் மேலே தூக்கிப் போட்டிருக்க மாட்டார். அதற்குள் மகானின் கை உயரும்.

“வலையில் விழும்!”

வலையில்தான் விழும்.

“கோட்டுக்கு வெளியே! பாயிண்ட் நமக்கே!”

அப்படியே நடக்கும். மண்டபம் எழுந்து நின்று அலறும். கண்ணைக் கட்டிக்கொண்டவர் பார்க்கிறார், கண்ணைத் திறந்து வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இது எவ்வளவு சரியான வர்ணனை என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

மக்களின் கணக்கு எளிமையானது. அடுத்த நொடி நடப்பதைச் சொல்கிறவருக்கு அடுத்த வருடம் நடப்பது தெரியாதா? வெள்ளிக்கிழமை மாலைக்குள் டென்னிஸ் பின்வரிசைக்குப் போய்விட்டது. பெண்ணுக்கு வரன் எப்போது, பையனுக்கு வேலை எப்போது, வீட்டுக் கடன் எப்போது தீரும் என்று வரிசை வாசல் வரை நீண்டது. கேள்விக்கு ஒரு கட்டணம். பதில் திருப்தியாக இருக்க வேண்டுமென்றால் வேறு கட்டணம். வாசலில் ‘அருட்பந்து’ விற்றார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் அது முடி உதிர்ந்த பழைய டென்னிஸ் பந்து. மகானுக்கு வெளிக்காற்று ஆகாதாம். அதனால் ஜன்னல்கள் எல்லாம் இறுக மூடியிருந்தன. தியான இசை வேறு காதைக் கிழித்தது.

டென்னிஸ் சங்கத்தின் செயலாளரும் வந்துவிட்டார். படித்தவர், கோட்டு போட்டவர். அரங்கின் முதல் வரிசையில் அவருடைய நாற்காலி காலியாகக் கிடக்க, ஆட்டத்தை ஆடுவதற்கு முன்பே பார்த்துவிடும் ஆசையில் இங்கே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முதல் நாள் ஆளுக்கொரு வெற்றி. சனிக்கிழமை இரட்டையர் ஆட்டம். நம் பக்கம் ஆடிய இருவரில் ஒருவர் இடக்கை ஆட்டக்காரர். ஞாயிறன்று ஐந்தாவது ஆட்டத்தில் தனியாக ஆட வேண்டியவரும் அவர்தான். அவருடைய மாமியாரும் அன்று மண்டபத்துக்கு வந்திருந்தார். குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே அரங்குச் சீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டதால் அவருக்குத் திரைதான் கதி.

இந்த அம்மா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி வருவதையும் வராததையும் ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால்கூட பக்கத்துத் தெரு கை கழுவிக்கொண்டு வரும். எல்லாரும் அறிவிப்பு அம்மா என்றே கூப்பிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது என்பதைத் தவிர அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கேள்வி நேரம் வந்தது. அறிவிப்பு அம்மா ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றார்.

“ஐயா, எனக்கு ஒரு சின்ன சந்தேகம். ஒவ்வொரு பாயிண்டா எதுக்குச் சிரமப்படறீங்க? இந்த ஆட்டம் கடைசியில யாருக்குன்னு இப்பவே ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்களேன். நாங்களும் வீட்டுக்குப் போய் வேலையைப் பார்ப்போம்.”

மண்டபம் சீறியது. “யாரும்மா நீ, மகான்கிட்டயே கேள்வி கேக்கற?” என்றார் முன்வரிசையில் இருந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர். கேள்வி கேட்கத்தான் அங்கே கட்டணம் வசூலித்தார்கள் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

யாரோ மகானின் காதருகே குனிந்து, “இடக்கை ஆட்டக்காரரோட மாமியார்” என்றார்கள். மகானின் உதடு மெல்ல விரிந்தது.

“அதுதானே பார்த்தேன்! அந்த இடக்கையைச் சுற்றி ஒரே இருட்டாக இருக்கிறது. இன்று அந்தக் கையால் தோல்வி. நாளையும் அந்தக் கை மட்டையைத் தொட்டால் நாட்டுக்கே தலைகுனிவு!”

அன்று இரட்டையர் ஆட்டத்தில் தோற்றோம். எதிரணியின் இருவரும் உலகத்திலேயே சிறந்த இணை, அவர்களிடம் தோற்காத நாடே இல்லை. ஆனால் காரணம் கைக்கு வந்துவிட்ட பிறகு காரணத்தை யார் தேடுவார்கள்? செயலாளரின் முகம் வெளுத்துவிட்டது.

மாலையில் மகள் போன் செய்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுவது குரலிலேயே தெரிந்தது.

“அம்மா, நாளைக்கு அஞ்சாவது ஆட்டத்துலேர்ந்து அவர் பேரை எடுக்கப் போறாங்களாம். செயலாளர் சொல்லிட்டாராம்.”

“கேப்டன் என்ன பண்றார்?”

“கையைப் பிசையறார். நாலாவது ஆட்டம் முடியறதுக்குள்ள பேரை மாத்தலாம்னு விதி இருக்கு. அதுக்குள்ள மகான்கிட்ட கடைசியா ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்னாராம் செயலாளர். இவருக்கு வயசாகுதும்மா. இனிமே இவரை அணியில எடுக்க மாட்டாங்க. இதுதான் கடைசி. உனக்கு எதுக்கும்மா அந்த மண்டபத்துல போய் வாய்?”

அறிவிப்பு அம்மா போனை வைத்தார். மகளுக்குக் கல்யாணமான புதிதில் ‘மாப்பிள்ளை என்ன பண்றார்’ என்று கேட்டவர்களிடம் ‘பந்து விளையாடறார்’ என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அந்த மாப்பிள்ளை நாட்டுக்காக ஆடுவதைப் பார்த்துப் பார்த்துத் தெருவெல்லாம் பெருமை பேசினார். இப்போது தன் வாயே அவருடைய கடைசி ஆட்டத்துக்கு உலை வைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர் மண்டபத்துக்கு வந்தது மன்னிப்புக் கேட்க. ஆமாம், மகானிடம்தான். மாப்பிள்ளைக்காகக் காலில் விழுவது என்றே முடிவு செய்துவிட்டார். மானம் பெரிதா, மகளின் முகம் பெரிதா?

நான்காவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நம் முதல் ஆட்டக்காரர் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அவர் வென்றால் இரண்டுக்கு இரண்டு, ஐந்தாவது ஆட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கூட்டத்தில் மகானை நெருங்க முடியவில்லை. அறிவிப்பு அம்மா வெளி வராந்தாவுக்கு வந்து, அரங்கிலிருந்த மகளுக்குப் போன் போட்டார்.

“அம்மா, செட் நமக்கு! கடைசிப் பந்தை எதிராளி வலையில அடிச்சிட்டான்!” என்று கத்தினாள் மகள். போனில் அரங்கத்தின் ஆரவாரம். தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் அதே ஆரவாரம்.

அறிவிப்பு அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். திரையில் எதிரணி ஆட்டக்காரர் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். டொக். டொக். டொக்.

“வலையில் விழும்! செட் நமக்கே!” என்று கை தூக்கினார் மகான்.

அப்போதுதான் அறிவிப்பு அம்மா மகானின் கழுத்தைப் பார்த்தார். அது வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வு அவருக்கு நன்றாகத் தெரியும். முந்தின நிலையத்திலிருந்து போன் வரும்போது, வண்டிச் சத்தத்துக்கு நடுவே காதைக் கொடுத்துக் கேட்கும் ஆளுக்குத்தான் கழுத்து அப்படிச் சாயும். வேலைக்காலம் முழுக்க அவருக்கும் அப்படித்தான் சாய்ந்திருந்தது.

மன்னிப்புக் கேட்க வந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடி வெளியே போய் மகளிடம், “போனை வைக்காதே. ஒவ்வொரு பாயிண்டும் என்ன ஆகுதுன்னு சொல்லிக்கிட்டே இரு” என்றார். போனைக் காதில் வைத்து, மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு, நேராக ஒலிவாங்கியிடம் வந்தார். பழைய குரல் தானாக வெளியே வந்தது.

“ரசிகர்களின் கனிவான கவனத்திற்கு! அடுத்த பந்து கோட்டுக்கு வெளியே விழும். பாயிண்ட் எதிரணிக்கு.”

மகான் இதையேதான் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. திரையில் பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது.

“ரசிகர்களின் கனிவான கவனத்திற்கு! அடுத்த சர்வீஸைத் தொடக்கூட முடியாது. பாயிண்ட் நமக்கு.”

தொட முடியவில்லை. மண்டபம் திகைத்துப் போய்விட்டது. மருந்துக்கடைக்காரர் தடாலென்று அறிவிப்பு அம்மாவின் காலில் விழுந்தார்.

“தாயே! உங்களுக்கும் அருள் வந்துடுச்சு!”

அவர் பின்னால் இன்னும் பத்துப் பேர் விழுந்தார்கள். பழகிய முதுகுகள், வளைவதற்கு நேரமே ஆகவில்லை. அறிவிப்பு அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“எழுந்திருய்யா முதல்ல! அருள்தானே வேணும்? உனக்கும் வரவைக்கிறேன், வா.”

சால்வையை விலக்கி, போனை எடுத்து அவர் காதில் வைத்தார்.

“எ... எதிரணிப் பாயிண்ட்” என்றார் மருந்துக்கடைக்காரர். திரையிலும் எதிரணிப் பாயிண்ட். தனக்கு வந்த அருளைப் பார்த்துத் தானே பயந்து போனை உதறினார்.

“இது துர்ச்சக்தி! நம்பாதீர்கள்!” என்று கூவினார் மகான். கண்கட்டு இன்னும் அவிழவில்லை, ஆனால் கால் மட்டும் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

“அந்தப் பாட்டை நிறுத்துங்க. ஜன்னலை எல்லாம் திறங்க” என்றார் அறிவிப்பு அம்மா. அந்தக் குரல் சொன்னால் வண்டியே நடைமேடை மாறும், ஜன்னல் திறக்காதா?

திறந்தார்கள். தெருவைத் தாண்டி அரங்கத்தின் ஆரவாரம் மண்டபத்துக்குள் வந்தது. திரையிலோ நம் ஆட்டக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தார், துண்டைப் போட்டார், பந்தை வாங்கினார், தட்டினார், அடித்தார், அந்தப் பாயிண்டை வென்றார். அதற்குப் பிறகுதான் திரைக்குள்ளிருந்து அதே ஆரவாரம் கிளம்பியது.

“புரியுதா? நேரடி ஒளிபரப்புன்னு பேர்தான். அங்க நடந்து முடிஞ்சு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் இங்க வந்து சேருது. நான் ஸ்டேஷன்ல இருந்தப்ப, முந்தின ஸ்டேஷன்லேர்ந்து வண்டி கிளம்பிடுச்சுன்னு போன் வரும். இன்னும் சிறிது நேரத்தில் வண்டி வரும்னு மைக்ல சொல்வேன். வரும். ஒரு நாளாவது எவனாவது என் கால்ல விழுந்திருக்கீங்களாய்யா? லேட்டானா திட்டத்தான் திட்டினீங்க!”

சொல்லிக்கொண்டே மகானின் தலைப்பாகையைச் சற்றே தூக்கினார். காதுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கருவி வந்தது. அதை ஒலிவாங்கிக்கு அருகில் பிடித்தார். அரங்கத்தின் ஆரவாரத்துக்கு நடுவிலிருந்து ஒரு குரல் மண்டபம் முழுக்க ஒலித்தது.

“மச்சான், நம்ம பாயிண்ட்... மச்சான், கேக்குதா? ஏன் பேசமாட்டேங்கறே? எனக்குப் பசிக்குது, போய்ச் சாப்பிட்டு வரட்டுமா?”

பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. அருட்பந்துகள் எல்லாம் மகானைக் குறிவைத்துப் பறந்தன. எந்தப் பந்து எங்கே விழும் என்று அவரால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. பின்வாசல் வழியாகப் போனவரை வாடகை பாக்கிக்காக மண்டபத்துக்காரர் பிடித்து வைத்தார். மற்றதை போலீஸ் பார்த்துக்கொண்டது.

அறிவிப்பு அம்மா செயலாளர் முன்னால் போய் நின்றார்.

“இப்ப யாரைக் கேட்டு முடிவு பண்ணப் போறீங்க?”

“எனக்கு... எனக்கு முதல்லேர்ந்தே ஒரு சந்தேகம் இருந்ததும்மா” என்றார் செயலாளர்.

“அதைப் போனைப் போட்டு கேப்டன்கிட்ட சொல்லுங்க.”

சொன்னார். இடக்கைக்காரரின் பெயர் அப்படியே நின்றது. நான்காவது ஆட்டத்தையும் வென்று இரண்டுக்கு இரண்டு என்று வந்தோம். மண்டபத்துக் கூட்டம் அரங்கத்தின் வாசலில் போய் முண்டியடித்தது. செயலாளரின் முதல் வரிசை நாற்காலியில் அறிவிப்பு அம்மாவே உட்கார்ந்தார்.

இடக்கைக்காரர் ஐந்து செட் ஆடினார். அவரைவிட இளையவனான எதிராளியை மூச்சு வாங்க வைத்தார். விழுந்து எழுந்து அடித்தார். கடைசி செட்டில் நூலிழையில் தோற்றார். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. வலையருகே எதிராளி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அறிவிப்பு அம்மா உள்ளங்கை சிவக்கத் தட்டினார். அழுகையும் வந்தது, பெருமையாகவும் இருந்தது, இரண்டையும் அவர் மறைக்கவில்லை.

வெளியே வரும்போது மருந்துக்கடைக்காரர் மெல்ல வந்து ஒட்டிக்கொண்டார்.

“இருந்தாலும் அம்மா... அந்த மகான் சொன்னது பலிச்சிடுச்சு பார்த்தீங்களா? இடக்கை தோத்துடுச்சே!”

அறிவிப்பு அம்மா நின்றார். அவர் சொன்னது வாசல் தாண்டி, தெரு தாண்டி, காலி மண்டபம் வரை கேட்டது.

“ரெண்டு பேர் ஆடினா ஒருத்தர் தோப்பாங்க. இதைச் சொல்ல மகான் எதுக்குய்யா? என் மாப்பிள்ளை ஆடித் தோத்தார். நீங்க ஆடாமலே தோத்துட்டு நிக்கிறீங்க. பந்து போற பக்கமெல்லாம் திருப்புறதுக்கு மட்டுமா கழுத்துக்கு மேல தலை இருக்கு?”