பத்து மணிக்குள் கண்டக்டர்

உலகத்தில் மாரத்தான் ஓடுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கலாம். ஆனால் பஸ் ஸ்டாப் வந்தால் தானாக நின்றுவிடும் கால்களை வைத்துக்கொண்டு மாரத்தான் ஓடக் கிளம்பிய ஒரே மனிதர் எங்கள் உத்திரமேரூர்க் கண்டக்டர்தான். இதற்கு யார் கேட்டாலும் நான் கையெழுத்துப் போட்டுத் தரத் தயார்.

அவருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் உண்டு. ஒருநாள் கூரியர்காரர் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, "அந்த மாதிரி யாரும் இந்தத் தெருவுல இல்லப்பா" என்று கண்டக்டரே அனுப்பிவிட்டார். பார்சல் திரும்பிப் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவே முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவர். ஓய்வு பெற்றபோது பையைத் திருப்பிக் கொடுத்தார், விசிலைக் கொடுக்கவில்லை.

நான் எதிர் வீடு. தாலுகா அலுவலகத்தில் கணக்கோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன். எதைக் கண்டாலும் எண்ணுவேன், எண்ணி முடித்ததும் கவலைப்படுவேன். என் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. கண்டக்டருடைய மனைவி சரோஜா நல்லபடியாக இருந்தார், ஆனால் சென்னையில். மகளுக்குக் குழந்தை பிறந்ததும் பார்த்துக்கொள்ளப் போனவர், இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகல், இரவு என்று மாறி மாறி டூட்டி. குழந்தையை விட்டு அசைய முடியாது.

கண்டக்டர் போய்ப் பார்க்கலாமே என்றால், அங்கேதான் சிக்கல். பெயர் வைக்கிற விசேஷத்தில் மாப்பிள்ளை யாரோடோ பேசிக்கொண்டிருந்தவர், "இப்பல்லாம் பஸ்ல எவன் போறான்?" என்று சொல்லிவிட்டார். புதிதாகக் கார் வாங்கியிருந்த சந்தோஷத்தில் சொன்னது. கண்டக்டர் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடி எழுந்துவிட்டார். இனி அந்த வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று சபதம்.

தினமும் பதினோரு மணிக்கு மட்டும் சரோஜாவுக்கு போன் செய்வார். "ரசத்துக்கு உப்பு எத்தினி போடணும்?" என்று கேட்பார். இரண்டு வருஷமாக ஒரே கேள்வி. இத்தனைக்கும் அவர் வைக்கும் ரசம் எங்கள் தெருவிலேயே முதல் தரம். அந்தப் பக்கம் சரோஜா ஒருநாள்கூட "தெரியாதா உனக்கு?" என்று கேட்டதில்லை. "ஒரு ஸ்பூன், கொஞ்சம் கம்மியா" என்று பொறுமையாகச் சொல்வார்.

ஒருநாள் உப்போடு இன்னொரு சேதியும் வந்தது. சரோஜா சொன்னாராம்: "வருசாவருசம் பீச்சாண்ட இங்க ஆயிரம் பேரு ஓடுதுங்க. கெயவனுங்கல்லாம் ஓடறானுங்க. நீ வூட்டுக்குத்தான் வரமாட்ட. ரோட்டுக்காவது வாயேன். ஓடி முடிக்கிற எடத்துல நா வந்து நிக்கறேன். ஆனா பத்து மணி வரைக்கும்தான். அதுக்கு மேல பொண்ணு டூட்டிக்குப் போவணும், கொழந்தையப் பாக்கணும்."

காலை ஐந்து மணிக்கு ஓட்டம் ஆரம்பம். நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் கொஞ்சமும். பத்து மணிக்குள் முடிக்க வேண்டும். கண்டக்டருக்கு வயது அறுபத்திரண்டு, சர்க்கரை வேறு. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று யோசித்தே நான் இரண்டு நாள் தூங்கவில்லை.

"அஞ்சு மணி நேரம் கீதே சார். என்னாத்துக்கு பேஜார் ஆவற?" என்றார் அவர். "நீ ஸ்கூட்டர எடுத்துகினு பின்னாடி வா. டைம் மட்டும் பாரு."

இப்படித்தான் நான் பயிற்சியாளன் ஆனேன்.

முதல் நாள் விடிகாலை. வெள்ளை பனியன், காக்கி அரைக்கால் சட்டை, மகள் அனுப்பிய பச்சை நிற ஷூ. தயாராக நிற்கிறார், நகரவில்லை.

"ஓடுங்க கண்டக்டர்."

"விசில் குடு சார்."

"எதுக்கு?"

"ரெண்டு விசில் குடுக்காம வண்டி எப்டி எடுக்கறது?"

விசிலை வாங்கி ஊதினேன். கிளம்பினார். நன்றாகத்தான் ஓடினார். முதல் ஸ்டாப் வந்தது. நின்றார். திரும்பிப் பார்த்தார், எல்லாரும் ஏறியாகிவிட்டதா என்று பார்க்கிற அதே பார்வை. பிறகு "ரைட்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கிளம்பினார். அடுத்த ஸ்டாப்பிலும் அதே கதை.

"ஏன் நிக்கறீங்க?"

"நா எங்க சார் நின்னேன்? காலு நிக்குது."

மூன்றாவது ஸ்டாப்பில் கத்தரிக்காய்க் கூடையோடு ஒரு அம்மா நின்றிருந்தார். வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றவரை ஏற இறங்கப் பார்த்து, "இன்னா கண்டக்டரே, வண்டி எங்க?" என்றார்.

"பின்னாடி வருது."

"நீ முன்னாடி ஓடிகினு கீற?"

"ஆமா. லேட்டாவுது, அதான் நா வந்துட்டேன்."

மானாம்பதி டீக்கடையில் தினமும் ஒரு கூட்டம் காத்திருக்கும். "இன்னிக்கு பஸ்ஸு மூணு நிமிசம் லேட்டுப்பா" என்று ஒருவர் சொல்வார். "அடுத்த வண்டி காலியா வருமா கண்டக்டரே?" என்று இன்னொருவர் கேட்பார். கண்டக்டர் கோபப்பட மாட்டார். "படியில நிக்காத, உள்ள போ" என்று பதில் சொல்லிவிட்டு ஓடுவார். மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொல்வதால் நேரம் வீணாகிறது என்று நான் ஸ்கூட்டரிலிருந்து கத்துவேன். நாய்கள் என்னைத்தான் துரத்தும்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள், முழுத் தூரத்தையும் நாலு மணி ஐம்பது நிமிஷத்தில் ஓடிவிட்டதாக அறிவித்தார். நிறுத்தங்களில் நின்றதையும் சேர்த்து. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அன்றைக்கு ஸ்கூட்டர் பஞ்சர், நான் போகவில்லை.

"எப்படிக் கணக்குப் பண்ணீங்க?"

"ஒரு ஸ்டேஜுக்கு ரெண்டு கிலோமீட்டர். இருபத்தோரு ஸ்டேஜ். பெருநகர் போயி வந்து, திரும்ப பாதி போயி வந்தேன். முடிஞ்சுது."

டிக்கெட் விலை போடுவதற்காகப் பாதையைக் கூறு போட்டிருப்பார்களே, அந்த ஸ்டேஜ். மறுநாள் ஸ்கூட்டரில் அதே வழியைச் சுற்றி வந்து மீட்டரைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தாறு இருந்தது. மானாம்பதிக்கு இந்தப் பக்கம் இரண்டு குக்கிராமங்கள். ஒன்றுக்கு ஸ்டாப் கொடுத்ததும் மற்றது மறியல் செய்து, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இரண்டு ஸ்டேஜ் ஆகிப்போனது எப்போதோ நடந்த கதை. வழி நெடுக இப்படிச் சில இடங்கள்.

சொன்னேன். கண்டக்டர் முகம் கறுத்தது. "ஸ்டேஜு தப்பு சொல்லாது சார். உன் மீட்டரக் காட்டு கம்பெனில" என்றார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் காலை வாசலில் வந்து நின்றார்.

"ஆறு கிலோமீட்டர் பாக்கியா சார்?"

"ஆமாம் கண்டக்டர்."

"அப்டின்னா பத்தே முக்கால் ஆவும்." தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அவ பூடுவா சார்."

"போன் பண்ணி, இன்னும் ஒரு மணி நேரம் நிக்கச் சொல்லுங்களேன்."

"இன்னான்னு சொல்றது? இன்னும் கொஞ்ச நேரம் எனக்காக நில்லுன்னா? வாழ்க்க பூரா அதானே சார் சொன்னேன். மதியம் சாப்பாடு வெச்சிகினு குந்தியிருப்பா. சாயந்திரம் வருவேன்."

அன்றே பயிற்சியை ஏரிக்கரைக்கு மாற்றினேன். கரையில் பஸ் ஸ்டாப் கிடையாது, டீக்கடை கிடையாது, ஆடுகள்தான். கால்களுக்கு நிற்க ஒரு காரணமும் இல்லாத இடம். அங்கேதான் கண்டக்டர் உண்மையில் ஓடினார். தண்ணீருக்கு மேல் வெயில் ஏறும்போது அவர் நிழல் நீளமாக முன்னால் ஓடும், அவர் அதைத் துரத்துவார். ஓடி முடித்து மதகுமேல் உட்கார்ந்து, நான் கொண்டுபோன மோரைக் குடித்துவிட்டு, "அவளுக்கு மொளகா தாளிச்ச மோருதான் புடிக்கும்" என்பார். நாஷ்டா சாப்பிட்டால், "அவ பொங்கல்ல மொளகப் பொறுக்கி ஓரமா வெப்பா" என்பார். சரோஜாவுக்கு என்னென்ன பிடிக்கும் என்று எனக்கு ஒரு நீளமான பட்டியலே மனப்பாடம் ஆகிவிட்டது. என் மனைவிக்கு என்ன பிடிக்கும் என்பதையும் அவர் கேட்பார். நானும் சொல்வேன். ஆறு வருஷத்தில் வேறு யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

கடைசி வாரம் ஏரிக்கரையில் சரியாக அளந்து வைத்து ஓடவிட்டேன். நாலு மணி ஐம்பத்தாறு நிமிஷம். கண்டக்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், சட்டை முழுக்க வேர்வை. ஏரிக்கரையில் ஓடுவதுபோலச் சென்னையில் ஓட முடியுமா என்கிற கவலை அப்போதே எனக்கு வந்துவிட்டது. சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

சென்னையில் ஐந்து மணிக்குக் கூட்டத்தோடு கூட்டமாக அவரை அனுப்பிவிட்டு, அவருடைய பை, சட்டை, போன் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓட்டம் முடியும் மைதானத்துக்குப் போனேன். ஒன்பது மணிக்கே சரோஜா வந்துவிட்டார். கையில் பிளாஸ்க், தோளில் துண்டு. புதுப் புடவை. நான் கவனித்ததைக் கவனித்துவிட்டு, "இது சும்மா வூட்ல கட்றதுதான் சார்" என்றார்.

"வந்துடுவார்மா. நல்லா ஓடறார்."

"இந்த ஆளு நேரத்துக்கு வந்ததா சரித்திரமே கெடையாது சார். கல்யாணத்துக்கே டெப்போலேந்து லேட்டாதான் வந்தாரு. ஐயிரு ரெண்டு வாட்டி தூங்கி எய்ந்தாரு."

ஒன்பதே முக்கால். வருகிறவர்களில் பச்சை ஷூவைத் தேடினோம். பதினேழு பச்சை ஷூ வந்தது, ஒன்றும் எங்களுடையது இல்லை. பத்து அடித்தது. பத்து மூன்று. சரோஜாவின் போன் அடித்தது, மகள். "வரேன்டி, வந்துகினே கீறேன்" என்றார். முடிவுக் கோட்டில் நின்ற காற்றடைத்த வளைவைத் தாண்டிச் சாலையை எட்டிப் பார்த்தார்.

"பத்து நிமிஷம்மா" என்றேன்.

"பொண்ணு வேலைக்குப் போவணும் சார். இன்னா பண்றது." பிளாஸ்க்கையும் துண்டையும் என் கையில் வைத்தார். "சக்கர போடல, அப்டியே குடிக்கச் சொல்லு. நா வந்தேன்னு சொல்லு." போய்விட்டார். முதுகை நேராக வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து, கூட்டத்தில் மறைந்தார்.

நான் நின்றேன். பத்தரை. பதினொன்று. கொடி பிடித்து ஓடி வந்தவர், வேஷம் போட்டு வந்தவர், ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு வந்தவர்கள், எல்லாரும் வந்தார்கள். ஒவ்வொரு ஆம்புலன்ஸுக்கும் என் நெஞ்சு நின்று ஓடியது. தொண்டர் பெண்ணிடம் எட்டு முறை கேட்டேன். ஒன்பதாம் முறை அவள் எனக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து, என் நாடியைப் பார்த்தாள். வளைவிலிருந்து காற்றைப் பிடுங்கினார்கள். அது மெதுவாகத் தலை சாய்ந்து படுத்துக்கொண்டது.

அப்போது பையிலிருந்து கண்டக்டருடைய போன் அடித்தது. சரோஜாவின் எண், பேசியது கண்டக்டர்.

"சார், நாந்தான். வூட்ல கீறேன்."

"எந்த வீட்டுல?"

"மாப்ள வூட்ல."

அவரே சொன்னார். மைதானத்துக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் ஒரு பஸ் ஸ்டாப். "காலு நின்னுச்சு சார். வழியெல்லாம் நின்னுச்சு, அங்கயும் நின்னுச்சு. நிமிந்து பாத்தா, இவ நிக்கறா. பஸ்ஸுக்கு."

"என்ன சொன்னாங்க?"

"'பத்து மணிக்கு வரச் சொன்னா பத்து பத்துக்கு வந்து நிக்கற, ஏறுயா'ன்னா. ஏறிட்டேன்."

"கண்டக்டர், அரைக் கிலோமீட்டர்தானே. ஓடி முடிச்சிட்டுப் போயிருக்கலாமே. மூணு மாசம் பாடுபட்டோமே."

"வண்டி வந்துருச்சு சார்" என்றார், இதைவிட நியாயமான காரணம் உலகத்தில் கிடையாது என்பதுபோல.

பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வழியில் நின்ற ஸ்டாப்புகளை எல்லாம் கழித்தால் பத்துக்கு முன்பே வந்திருப்பார். கழிக்காததால் சரியாக அந்த ஸ்டாப்பில் சரோஜாவுக்கு எதிரே வந்து நின்றிருக்கிறார். இதில் லாபமா நஷ்டமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மாப்பிள்ளை கதவைத் திறந்தாராம். மார்பில் குத்திய நம்பரையும் உப்புப் பூத்த முகத்தையும் பார்த்துப் பயந்துபோய், "மாமா, இவ்ளோ தூரம் எப்படி வந்தீங்க?" என்றாராம். "பஸ்ல" என்றாராம் கண்டக்டர். அதோடு அந்தச் சண்டை முடிந்தது. குழந்தை அவருடைய நம்பர் அட்டையைப் பிடித்து இழுத்ததாம். மாலையில் நான் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அதைத் தின்றுகொண்டிருந்தது.

அடுத்த வாரம் வந்து துணிமணிகளை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். வருஷம் ஒன்றாகப் போகிறது. இப்போது பதினோரு மணிக்கு அவர் யாருக்கும் போன் செய்வதில்லை. உப்புக்கு ஆள் பக்கத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எனக்குச் செய்கிறார். குழந்தை பள்ளிக்கூடம் போனது, பாட்டுப் பாடியது என்று எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்:

"நம்ப ரோடு எப்டி கீது சார்?"

இன்று காலைகூடப் போய்ப் பார்த்தேன். எதிரும் புதிருமாக நாற்பத்தொரு லாரி, ஒன்பது காலேஜ் பஸ், கல்யாண வேன்கள் நாலு, எண்ண முடியாத அளவுக்கு மோட்டார் சைக்கிள்கள். சாலையைக் கடக்கவே எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

"காலியாத்தான் இருக்கு, கண்டக்டர்" என்று சொன்னேன்.